நாலரை அங்குலம்

நிவித்திகலைக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில், ஒற்றை அறை வீடுகள் வரிசையாய் ஒட்டிக்கிடக்கும் லயத்தின் கடைசிக் காம்பராவுக்கு முன்னால், நான்கு பலாக்கட்டைகளின் மேல் ஒரு கார் நின்றது. இரண்டு கதவு, நீண்ட மூக்கு. உட்கார்ந்தால் காலை நீட்டிப் படுத்த மாதிரி இருக்கும் தாழ்ந்த ஆசனம். ஜப்பானில் செய்த பழைய ஸ்போர்ட்ஸ் கார். அது என்னுடையது. இதை எழுதும்போதே எனக்கு உடம்பு சூடாகிறது. அது என்னுடையது என்பதை அந்தத் தோட்டத்தில் ஒருவரும் கடைசி வரை ஒத்துக்கொள்ளவில்லை.

அரசாங்கம் தோட்டங்களைக் கம்பெனிகளிடம் கொடுத்த சில வருடங்களில், தோட்ட மேனேஜரான பழைய துரை வேலையை விட்டுப் போனார். அந்தக் கார் அவருடையது. போகும்போது அதன் சக்கரங்களை மட்டும் கழற்றி இரத்தினபுரியில் யாருக்கோ கொடுத்துவிட்டு, உடம்பை பங்களா ஷெட்டில் விட்டுவிட்டார். புதுத் துரைக்கு ஜீப் நிறுத்த இடம் வேண்டியிருந்தது. நான் பங்களாவில் பூந்தோட்டம் பார்த்தவன், அந்தக் காரைப் பல வருடங்கள் கழுவியவன். புதுத் துரை என்னைப் பார்த்து, இந்தக் குப்பையை எங்கேயாவது கொண்டு போய்த் தொலை, நீயே வைத்துக்கொள் என்று சிங்களத்தில் சொன்னார். மரச்சட்டத்தில் ஏற்றி டிராக்டரில் கட்டி இழுத்து லயத்துக்குக் கொண்டுவந்தோம்.

கார் வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறாய் என்று எல்லாரும் கேட்டார்கள். பீலிக்குத் தண்ணீர் பிடிக்க வரும் பெண்கள் அதைக் கடக்கும்போதெல்லாம், தொரை வீட்டில் இருக்கிறாரா என்று பக்கத்துக் காம்பராவில் இருக்கும் என் அக்காவிடம் விசாரித்துவிட்டுப் போவார்கள். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். எனக்கு ஆட்கள் முன்னால் சட்டென்று பேச்சு வராது. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் என்பதால் மட்டும் இல்லை, பிறவியிலேயே அப்படி. ஆனால் என்ன செய்யப் போகிறேன் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

பெல்மதுளையில் ஒரு கராஜ் பாஸ் இருந்தார். சிங்களவர். தொழில் தெரிந்த மேஸ்திரியை எங்கள் பக்கம் பாஸ் என்போம். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அவரிடம் போய் சும்மா நின்று பார்ப்பேன். பிறகு சாமான் எடுத்துக் கொடுத்தேன், பிறகு கையும் வைத்தேன். காரின் இஞ்சினை அவர் சொல்லச் சொல்ல நானே பிரித்து, துடைத்து, மாட்டி, கட்டைகளின் மேலேயே ஓட விட்டேன். அது உறுமிய நாளில் லயமே வெளியே வந்தது. அந்தச் செய்தியைக் கேட்டபின் பாஸ் ஒரு பேச்சு சொன்னார். அந்தக் காரை ஓட்டிக்கொண்டு என் முற்றத்துக்கு வந்துவிடு. கல்யாண வீடுகளுக்கு வாடகைக்கு விடலாம். நீயும் தோட்டத்தை விட்டு இங்கேயே வந்து வேலை செய், பின்னால் ஒரு அறை இருக்கிறது என்றார்.

அவ்வளவுதான் எனக்கு வேண்டியது. லயத்தை விட்டு வெளியே ஒரு அறை, கையில் ஒரு தொழில். இடையில் நின்றது நான்கு சக்கரம்.

அந்தச் சமயம் பார்த்து, கம்பெனிப் பெரியவர்கள் தோட்டத்தைப் பார்க்க வருகிறார்கள் என்று சொன்னார்கள். லயங்களுக்கு வெள்ளை அடித்தார்கள், கோழிக்கூடுகளைப் பின்னால் தள்ளினார்கள். மலையில் வேலை வாங்கும் கங்காணி என் காம்பராவுக்கு முன்னால் வந்து காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். அடுத்த திங்கட்கிழமைக்குள் அது அங்கே இருக்கக்கூடாது, இருந்தால் உடைத்து இரும்புக்குப் போட்டுவிடுவார்கள் என்று துரை சொன்னதாகச் சொல்லிவிட்டுப் போனார். துரை எனக்குக் கொடுத்ததை நான் ஞாபகப்படுத்தினேன். எழுத்து இருக்கிறதா என்று கேட்டார். இல்லை.

பாஸின் கராஜில் பழைய ரிம்கள் கயிற்றில் கோர்த்து, கருவாடு போலக் கூரையிலிருந்து தொங்கும். எல்லாம் ஜப்பானிலிருந்து வந்து உடைத்த வண்டிகளுடையவை. நான் இத்தனை மாதம் ஞாயிற்றுக்கிழமை வேலைக்குக் கூலி வாங்காததால், ரிம்மும் டயரும் அதற்கு ஈடு என்று அவரே சொல்லியிருந்தார். என் கண் போனது நட்சத்திரம் மாதிரி ஐந்து கால் விரித்த ஒரு வெள்ளி ரிம்மின் மேல். அகலமான டயர் போட்டு அதை மாட்டினால் கார் தரையோடு ஒட்டிக்கொண்டு புலி மாதிரி நிற்கும் என்று நினைத்தேன். பாஸ் அதைக் கழற்றித் தரவே இல்லை. அதன் வயிறு உள்ளே போதாது, மாட்டினால் சக்கரம் மட்காட்டுக்கு வெளியே பிதுங்கும், உங்கள் தோட்டத்து முடக்கு வளைவுகளில் ஸ்டீயரிங்கை முழுதும் திருப்பும்போது டயர் தகரத்தில் அறுபடும் என்றார். உயரமான டயர் போட்டால் பள்ளத்தில் விழும்போது மேலே முட்டும். அகலம் கூடினால் பழைய ஸ்டீயரிங் கனத்துக் கையை ஒடிக்கும். கண்ணுக்குப் பிடித்ததைத் தேடாதே, பழைய சக்கரம் எவ்வளவு உயரம் நின்றதோ அதே உயரம் நிற்பதைத் தேடு என்று சொல்லி, அழகில்லாத, சாம்பல் நிறமான ரிம்களைக் காட்டினார். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனாலும் அவர் சொன்னது புரிந்தது.

எல்லாவற்றுக்கும் முன்னால் போல்ட் இடைவெளி தெரிய வேண்டும். நான்கு போல்ட். எதிரெதிராக இருக்கும் இரண்டு போல்ட்டுகளின் நடுவுக்கு நடு எத்தனை அங்குலம் என்று அளந்து வா, அது மயிரிழை தப்பினாலும் ரிம் உள்ளே போகாது என்று சொல்லி அனுப்பினார்.

அன்று சாயங்காலம் அளந்தேன். அளவுக்கம்பால்.

அளவுக்கம்பு என்றால் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். மழைத்தண்ணீர் ஓடும் கான் வெட்டுகிறவர்களுக்கும், தேயிலைக் கன்றுக்குக் குழி வெட்டுகிறவர்களுக்கும் கங்காணி அளந்து கொடுப்பது அதால்தான். கறுப்பு மரம். அடிக்கு அடி கத்தியால் வெட்டிய கோடு, முதல் அடியில் மட்டும் அங்குலக் கோடுகள். ஓர் ஆளுக்கு அன்றைய பேர், அதாவது முழு நாள் கூலி, விழ வேண்டுமென்றால் இத்தனை கம்பு நீளம் கான் வெட்டி முடிக்க வேண்டும். முடியாவிட்டால் அரைப் பேர். ஆயுத பூசைக்கு மண்வெட்டி, கவ்வாத்துக் கத்தியோடு அந்தக் கம்பையும் கோயிலில் வைத்து, சந்தனமும் குங்குமமும் பூசி, கற்பூரம் காட்டுவார்கள். கம்பு பழசானால் அதன்மேல் புதுக் கம்பை வைத்து அளந்து வெட்டிக்கொள்வார்கள். என் அக்காவின் புருஷன் கான் வெட்டும் கூட்டத்தில் மூத்த ஆள். சாயங்காலத்தில் கம்பு அவரிடம்தான் இருக்கும். அக்கா காம்பராவின் கதவு மூலையில் அது சாய்ந்திருப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவன் நான். தையல்காரியிடம் நாடா இருந்தது. அதை நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. இரும்புச் சாமானை அளக்கத் துணி நாடாவா? தோட்டத்தில் அளவென்றால் கம்புதான்.

நாலே கால் அங்குலம் வந்தது. திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்தேன், அதேதான்.

மறுநாள் போய்ச் சொன்னேன், பாஸ் அதைக் கேட்டு நெற்றியைச் சுருக்கினார். ஜப்பான் காருக்கு நாலரை அல்லவா வரும், நாலே கால் என்றால் வேறு தேசத்து வண்டி என்றார்.

“ஹரித, மல்லி? நல்லா அளந்தியா?” என்றார், சரியா தம்பி என்று சிங்களத்தில் தொடங்கி.

சரியாகத்தான் அளந்தேன் என்று அடித்துச் சொன்னேன். பேசாத மனிதன் அடித்துச் சொன்னதால் அவர் நம்பினார். வேறு தேசத்துக் காரிலிருந்து கழற்றிய நான்கு ரிம்களைத் தேடி எடுத்து, டயர் ஏற்றி, காற்றும் அடித்துக் கொடுத்தார். உர லொறி மேலே வரும்போது அதில் போட்டுக் கொண்டுவந்தேன்.

போகவில்லை. ஒரு துளையை போல்ட்டில் நுழைத்தால் எதிர்த்துளை போல்ட்டின் மேல் ஏறி உட்கார்ந்தது. நான்கு பக்கமும் மாற்றிப் பார்த்தேன். சுத்தியால் தட்டினேன். பீலியடியில் நின்ற ஒருத்தி, தொரை வண்டிக்குச் செருப்பு சின்னதாகிவிட்டது என்று சொல்ல, லயம் முழுக்கச் சிரித்தது. என் அக்காவும் சிரித்தாள்.

மறுநாள் ஹப்பில் கிரீஸ் பூசி, ஒரு அட்டையை அதன்மேல் அழுத்தி எடுத்தேன். நான்கு போல்ட்டும் வட்டமாக அதில் பதிந்தன. பங்களாவில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, பஸ் பிடித்துப் பெல்மதுளைக்குப் போனேன். பாஸ் இரும்பு நாடாவை அட்டையின்மேல் வைத்தார். நாலரை. துல்லியமாக நாலரை. எதால் அளந்தாய் என்று கேட்டார். கம்பு என்றேன். அவருக்குப் புரியவில்லை. நாலரை ரிம்கள் ஒரு வாடிக்கையாளரின் வண்டியில் இருக்கின்றன, அவர் சனிக்கிழமை மாற்றிக்கொள்கிறார், ஞாயிறு காலையில் உனக்குத் தருகிறேன் என்றார். ஞாயிறு என்றால் கெடுவுக்கு முதல் நாள். ஒரு நாள் போதும். கிளம்பும்போது, முனை உடைந்த ஒரு நாடாத் துண்டைக் கொடுத்து, இனி இதால் அள என்று என் சட்டைப்பையில் போட்டார்.

வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை, அந்த நாடாவைக் கம்பின் பக்கத்தில் படுக்க வைத்தது. கம்பின் ஒரு அடி, நாடாவின் ஒரு அடியைத் தாண்டி முக்கால் அங்குலத்துக்குக் கிட்ட நீண்டு போனது. இரண்டாவது அடியும் அப்படித்தான். நுனி வரைக்கும் அப்படித்தான்.

மச்சான் கதவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வந்து குந்தி உட்கார்ந்து, நாடாவைத் தன் கையால் இழுத்து வைத்துப் பார்த்தார். அவருடைய விரல்கள் மண்வெட்டிப் பிடியைப் பிடித்துப் பிடித்து முழுதும் நீளாத விரல்கள்.

“அப்ப எங்கப்பா வெட்டுன கானு?” என்றார்.

அவருடைய அப்பா, மழைக்காலத்தில் கம்பு நீளம் முடிக்க முடியாமல் அரைப் பேரோடு வந்து, வந்த வேகத்தில் சாப்பிடாமல் படுத்துக்கொள்வார் என்று அக்கா சொல்லியிருக்கிறாள். சோம்பேறி என்று அவருக்கு லயத்தில் பெயர். நான் அந்த நிமிடத்தில் காரை மறந்தேன். அந்தக் கம்புக்குச் சந்தனம் பூசினோமே என்று நினைக்க நினைக்க எனக்கு அதை முழங்காலில் வைத்து முறிக்க வேண்டும் போலிருந்தது. மச்சான் என் கையைப் பிடித்துக்கொண்டார். விட்டுவிடு, வெளியே சொல்லாதே என்றார். நானும் அப்போது சரியென்றேன்.

சொல்லாதே என்றவர் அவரே சொல்லிவிட்டார். மறுநாள் மலையில் கங்காணியிடம், கம்பு கொஞ்சம் நீளமோ என்று சந்தேகமாகக் கேட்டிருக்கிறார். யார் சொன்னது என்று அவர் கேட்க, இவர் என்னைக் காட்டிவிட்டார். சாயங்காலம் கங்காணி வந்தார். காரின் மூக்கின்மேல் கையை வைத்து, சொந்த மாட்டைத் தடவுகிற மாதிரி தடவினார். முதல் தடவையாக என்னைத் தம்பி என்றார்.

“வண்டிய அவசரப்பட்டு எடுக்காத தம்பி. தொரைக்கிட்ட நான் பேசிக்கிறேன். ரெண்டு வாரம் ஆனாலும் நிக்கட்டும். ரிம்மு வந்தப்பறம் நம்ம டிராக்டர்லயே பெரிய ரோட்டு வரைக்கும் இழுத்து விடச் சொல்றேன். அந்த நாடாத் துண்ட மட்டும் வீசிரு. சின்னப் புள்ளைங்க கையக் கிழிச்சுக்கும்.”

நான் ஒன்றும் சொல்லவில்லை. சரி என்று எடுத்துக்கொண்டு போனார். என் வாழ்க்கை முழுக்க நான் பேசாமல் நின்றதையெல்லாம் எல்லாரும் சரி என்றுதான் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அன்று நான் யோசித்ததை மறைக்காமல் சொல்கிறேன். கார் போதும் என்றுதான் முதலில் யோசித்தேன். கான் வெட்டுகிறவன் நான் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ரிம் வந்தால் திங்கட்கிழமை நான் இந்த லயத்திலேயே இல்லை. ஆனால் கங்காணியின் அந்தத் தடவல் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. கம்பு நீளமென்று நாங்கள் கண்டுபிடித்ததில் கங்காணி பயந்து வருவார் என்று நினைத்திருந்தேன். அவர் பயப்படவில்லை. விலை பேச வந்தார். எனக்குக் கொடுத்ததையே எடுத்து எனக்கு விலையாகக் கொடுக்க வந்தார்.

மறுநாள் காலையில், வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் எல்லாரும் நின்றார்கள். துரையும் ஜீப்பிலிருந்து இறங்கி நின்றார். கணக்கப்பிள்ளை பேர் வாசித்துக்கொண்டிருந்தார். கங்காணி கான் கூட்டத்துக்கு முன்னால் கம்பை ஊன்றிக்கொண்டு நின்றார். பங்களா ஆள் பெரட்டுக்கு வர வேண்டியதில்லை. நான் போனேன். போய்க் கம்பை அவர் கையிலிருந்து வாங்கினேன். ஏன் கொடுத்தார் என்று தெரியவில்லை, பழக்கத்தில் கொடுத்துவிட்டார். தரையில் வைத்து, பக்கத்தில் நாடாவை வைத்தேன்.

“ஒரு அடிக்கு முக்கா அங்குலம் கூட இருக்கு,” என்றேன். அவ்வளவுதான் வந்தது.

கூட்டம் குனிந்து பார்த்தது. துரை வந்து பார்த்தார். பூட்ஸ் நுனியால் கம்பைக் கொஞ்சம் நகர்த்தினார். பிறகு சிரித்தார். மழையில் நனைந்து மரம் ஊதியிருக்கும் என்று சிங்களத்தில் சொன்னார். கங்காணி தலையாட்டி அதையே தமிழில் சொன்னார். மரம் பருமனில் ஊதும், நீளத்தில் ஊதாது. அது அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும், மண்வெட்டிக்குப் பிடி போடாதவர் ஒருவரும் அங்கே இல்லை. ஆனாலும் சிலர் சிரித்தார்கள். துரை சிரித்தபோது சிரிக்க வேண்டியிருந்தது அவர்களுக்கு. அந்தச் சிரிப்பை என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை.

பிறகு துரை என்னைப் பார்த்தார். லயத்து முன்னால் இருக்கும் அந்தக் குப்பை இன்னும் போகவில்லையா என்று கங்காணியைக் கேட்டார். போகவில்லை என்றார் கங்காணி. முந்தின நாள் சாயங்காலம் தடவிப் பார்த்த காரை ஒரு வார்த்தையில் கொடுத்தார்.

என்னை அன்று பங்களாவில் விடவில்லை. தேயிலைக் கன்று வளர்க்கும் தவறணைக்குத் தண்ணீர் ஊற்ற என்று மலையின் அடுத்த பக்கத்துக்கு அனுப்பினார்கள். திங்கட்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறது என்ற நம்பிக்கையில் நானும் போனேன். வேலை விட்டு வந்தபோது லயத்துக்கு முன்னால் பலாக்கட்டைகள் மட்டும் கிடந்தன. மண்ணில் எண்ணெய். கண்ணாடித் துண்டுகளைக் கூட்டிக்கூட வைத்திருந்தார்கள், பெரியவர்கள் வருகிறார்களே. உடைத்ததை டிராக்டரில் ஏற்றிக் கொண்டுபோய்விட்டார்கள் என்று அக்கா அழுதுகொண்டே சொன்னாள். இஞ்சினையும்தான்.

யார் உடைத்தது என்று நான் கேட்கவில்லை. மச்சானின் கையில் கண்ணாடி கிழித்த காயத்துக்குத் துணி சுற்றியிருந்தது.

அவரே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“கான் கூட்டத்துக்கு இன்னைக்கு அதுக்குத்தான் பேரு போட்டானுங்க மாப்ள. போகலன்னா பேரு இல்லன்னுட்டாங்க. நான் போகலன்னாலும் இன்னொருத்தன் போயிருப்பான்.”

“கம்ப நான் யாருக்காக மச்சான் காட்டுனேன்?”

அவர் காயத்துத் துணியை அவிழ்த்துத் திரும்பச் சுற்றினார். பிறகு, “உன்ன யாரு காட்டச் சொன்னா?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பெல்மதுளைக்குப் போனேன். நாலரை ரிம்கள் நான்கும் கழுவித் துடைத்துச் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. நடந்ததைச் சொன்னேன். பாஸ் நாக்கைத் தட்டினார், கங்காணியைக் கெட்ட வார்த்தையில் திட்டினார், பிளேன்டீ வாங்கிக் கொடுத்தார். பின்னால் இருக்கும் அறையைப் பற்றி நான் கேட்டேன். கேட்பதற்கு எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று அவருக்குத் தெரியும். காரோடு வந்தால் என்றுதானே பேச்சு, காரில்லாமல் இன்னொரு ஆளை வைக்க எனக்குக் கட்டுமா மல்லி, நீ எப்போதும் போல ஞாயிற்றுக்கிழமையில் வந்துகொண்டிரு என்றார். அவர் கெட்டவர் இல்லை. எனக்கு அவர் மேலும்தான் ஆத்திரம். அதற்குப் பிறகு நான் அங்கே போகவில்லை.

கம்பெனிப் பெரியவர்கள் வந்தார்கள், எங்கள் லயத்துப் பக்கம் வரவே இல்லை. அவர்கள் போன கையோடு, பழைய கம்பைப் பற்றி ஒரு பேச்சும் இல்லாமல், இரும்பில் அடித்த புதுக் கம்பி ஒன்று ஆபீஸிலிருந்து கான் கூட்டத்துக்கு வந்தது. அது சரியான அளவு. நான் நாடாவை வைத்துப் பார்த்தேன். பழைய கம்பு கூட்டிக் கொடுத்த நீளத்தையெல்லாம் வேலைக்கே வராத தன் மகன்கள் வெட்டியதாகக் கங்காணி பேர் போட்டு வந்தார் என்பது பிற்பாடுதான் வெளியே வந்தது. அதற்காகவும் ஒருவரும் அவரை ஒன்றும் கேட்கவில்லை. அவர் ஓய்வு பெற்றபோது மாலை போட்டார்கள். நான் அன்று தவறணையில் இருந்தேன். பங்களா வேலை எனக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை.

புதுக் கம்பி வந்த அன்று நான் காய்ச்சலென்று வேலைக்குப் போகாமல் காம்பராவில் இருந்தேன். வேலை விடும் சங்கு ஊதும் முன்பே, வெயில் இருக்கும்போதே மச்சான் வந்துவிட்டார். என்றைக்கும் வெயில் சாய்ந்த பிறகு வருகிறவர். முழுப் பேர் முடிந்துவிட்டதென்று அக்காவிடம் சொன்னது எனக்குச் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது. ஆச்சரியம் அவருக்கே அடங்கவில்லை, இரண்டு தடவை சொன்னார். மண்வெட்டியைக் கழுவினார். சாப்பிட்டார். பிறகு பாயைப் போட்டுப் படுத்தார்.

அந்த லயத்தில் பிறந்ததிலிருந்து பகலில் ஒரு ஆண்பிள்ளையின் குறட்டையை நான் கேட்டதில்லை. நான் வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். எதிரே கார் நின்ற இடத்தில் அக்கா விறகு காயப்போட்டிருந்தாள். குறட்டை ஏறி இறங்கியது, நடுவில் நின்றது, திரும்ப ஏறியது. எழுந்து போய்ச் சுவரை ஓங்கி உதைக்க வேண்டும் போல் இருந்தது எனக்கு. கையை இறுக்கிக்கொண்டு, அவர் தானாக எழுந்திருக்கும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.